எழுதிய ஒட்டியாணம்

1933 ஏப்ரல் 3, திங்கள்

மதராஸிலிருந்து போட்டோ பிளேட் அனுப்பும் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் அவருக்கு ஒரு டைரி அனுப்புகிறான். ஜனவரி முதல் தேதி அதில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். அதோடு சரி. இந்த வருஷத்து டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்ததால் நான் எடுத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் வடாம் பக்குவம் எழுதி வைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் தர்மலிங்கம். மாயவரம் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முன்கட்டில் ஸ்டூடியோ, பின்கட்டில் குடித்தனம். படம் பிடிப்பது அவர். படத்துக்கு வர்ணம் போடுவது நான். இந்த இரண்டாவது விஷயம் ஊருக்குத் தெரியாது. பெண்பிள்ளை கை பட்டது என்று தெரிந்தால் கிராக்கி குறையும் என்பது அவர் கட்சி. படத்தின் மூலையில் சாய்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

இன்று தமிழ் வாத்தியார் மாசிலாமணிப் பிள்ளை தன் பெண் அபயாம்பாளை அழைத்துக்கொண்டு வந்தார். சீர்காழியில் ஒரு வரனாம். பையன் சட்டநாதன், விழுப்புரத்தில் ரயில்வே உத்தியோகம். முதலில் பெண்ணின் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. நாலு இடம் வந்து காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

படம் எடுத்து முடித்ததும் வாத்தியார் குரலைத் தணித்துக்கொண்டு, "கொஞ்சம் லட்சணமா பண்ணிக் குடுங்க" என்றார். கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. 'லட்சணமா' என்றால் எங்கள் தொழிலில் முகத்தைப் பற்றிய பேச்சு இல்லை. கழுத்திலும் காதிலும் கொஞ்சம் கூட்டிப் போடு என்று அர்த்தம். வாய் திறந்து நகை என்று கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காதவர்கள் எல்லாரும் லட்சணம் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு முறம் வடாம் பிழிந்தேன். காக்காய் ஒரு முறத்தைக் காலி செய்துவிட்டது.

ஏப்ரல் 5, புதன்

அபயத்தின் படம் முடிந்தது. காதில் தோடு அவளுடையதே. கழுத்தில் ஒரு ஒற்றைச் சங்கிலிதான் இருந்தது. அதன்மேல் தூரிகையால் ஒரு காசு மாலை எழுதினேன்.

தங்கம் போட்டோவில் கறுப்பாகத்தான் விழும். மஞ்சள் எதுவுமே அப்படித்தான். மஞ்சள் பூசிய முகங்கள் கூடக் கொஞ்சம் இருட்டிப் போய்த்தான் வரும். அசல் நகை போட்டுக்கொண்டு வருகிற மிராசுதார் வீட்டுப் பெண்களுக்கும் நான்தான் மேலே மஞ்சள் தொட்டு வைக்க வேண்டும். ஆகவே இருக்கிற நகையும் இல்லாத நகையும் கடைசியில் என் தூரிகையில் ஒன்றுதான்.

கழுத்து வரைக்கும்தான் வாத்தியார் கேட்டது. ஆனால் இடுப்பில் புடவை மடிப்பு விழுந்து ஒரு கருந்திட்டு இருந்தது. அதை மறைத்தால்தான் படம் எடுபடும். அதனால் ஒரு ஒட்டியாணம் எழுதினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நடுவில் சிவப்புக் கல், இரண்டு பக்கமும் அன்னம். இடது பக்கத்து அன்னம் கல்லைப் பார்க்காமல் கோபித்துக்கொண்ட மாதிரி திரும்பிக்கொண்டிருக்கும். ஒட்டியாணம் எழுதுவதென்றால் எனக்குக் கை தானாக ஓடும். அளவு பார்க்க வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு காலத்தில் ஒட்டியாணம் இருந்தது. ஜெர்மன் லென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. கொடுத்தோம். நல்ல லென்ஸ். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது.

ஏப்ரல் 6, வியாழன்

வாத்தியார் படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாராம். பிறகு, "இது எம் பொண்ணா?" என்றாராம். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போகிறார், தானே எழுதிய மாதிரி.

ஏப்ரல் 13, வியாழன்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடியில் வெல்லம் குறைந்துவிட்டது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

சீர்காழிக்காரர்களுக்குப் படம் பிடித்துவிட்டதாம். ஜாதகமும் பொருந்தியிருக்கிறது. வாத்தியார் வாயெல்லாம் பல்லாக வந்து சொல்லிவிட்டுப் போனார். வைகாசியில் முகூர்த்தம் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 22, சனி

வாத்தியார் இன்று ஒரு கடிதத்தோடு வந்தார். பையனின் தாயார் தையல்நாயகி அம்மாள் சொல்லி எழுத வைத்தது. இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும், பெண்ணின் படத்தில் இருக்கும் ஒட்டியாணம் யாருடையது, எந்தப் பத்தர் செய்தது, இடது அன்னம் ஏன் திரும்பியிருக்கிறது, மறு தபாலில் தெரியப்படுத்தவும்.

"என்ன எழுதினீங்க?" என்று இவர் கேட்டார்.

"என்னத்த எழுதுறது? படத்துல இருக்குதே, இல்லைன்னா சொல்ல முடியும்? நம்ம வீட்டுதுதான், மூணு தலைமுறையா இருக்குன்னு எழுதிப்புட்டேன். நகையப் பத்திக் கேக்குறாங்கன்னா புடிச்சுப் போச்சுன்னுதானே அர்த்தம்?"

"அதானே," என்றார் இவர்.

பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பையன்களை முட்டி போட வைக்கிற வாத்தியார். அடுப்பில் வேலை இருந்ததால் உள்ளே வந்துவிட்டேன். உள்ளே வந்த பிறகுதான் பார்த்தேன், அடுப்பு மூட்டியிருக்கவே இல்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

தலைவலி. வடாம் போடவில்லை.

ஏப்ரல் 29, சனி

இடி விழுந்துவிட்டது.

சீர்காழியிலிருந்து இரண்டாவது கடிதம். இதில் க்ஷேமம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒட்டியாணம் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன் பத்தரிடம் வாங்கியது. அதைப் போல உலகத்தில் இன்னொன்று கிடையாது என்று பத்தர் சத்தியம் செய்திருக்கிறார். எங்கள் பெட்டியில் இருக்கிற நகை உங்கள் பெண் இடுப்புக்கு எப்படி வந்தது? அதற்கு மூன்று தலைமுறை எங்கிருந்து வந்தது? வாய் கூசாமல் பொய் பேசுகிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள இஷ்டமில்லை.

வாத்தியார் ஸ்டூடியோ நாற்காலியில், படம் பிடிக்க உட்காருகிறவர் போல, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை மட்டும் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. "இந்தக் கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவுதுங்க. திருட்டு நகைன்னு பேச்சு கெளம்பிச்சுன்னா அதுக்கப்புறம் எம் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சரி, டைரிக்கு ஒளித்து என்ன ஆகப்போகிறது. அது என் ஒட்டியாணம். என் அப்பா எனக்குச் செய்து போட்டது. செய்த ஆசாரி இடது அன்னத்தைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டான். அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எம் பொண்ணு மாதிரியே இருக்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். லென்ஸ் வாங்கப் பத்தரிடம் விலைக்குக் கொடுத்தபோது அது யார் வீட்டுக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை. இத்தனை பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, ஒரு பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

மறந்துபோன ஒன்றைத்தான் கை எழுதியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

மத்தியானம் அபயம் கொல்லைப்புறமாக வந்தாள். அழுது தீர்ப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. வந்ததும் முறத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காக்காய் ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, வர்ணம் போடுறது நீங்கதானே?"

தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க நகத்துல மஞ்சள் இருக்கு. அண்ணன் நகத்துல இல்லை."

கெட்டிக்காரப் பெண். பிறகு மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளை சட்டநாதன். கும்பகோணத்தில் எடுத்த படம். தலைப்பாகை, கோட்டு, இடுப்புக்கு மேல் வெயிஸ்ட்கோட்டில் ஒரு பையிலிருந்து மறு பைக்கு வளைந்து தொங்கும் தங்கக் கடிகாரச் சங்கிலி. முகம் சாது. கோட்டு அவனுடையதாகத் தெரியவில்லை, தோளில் இரண்டு விரல்கடை அதிகம்.

"படத்தோட வந்த கடுதாசில இவரு ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தாரு. பொண்ணுக்கு வாசிக்கப் புடிக்குமான்னு. நாலு பேரு வந்தாங்க அக்கா, பாட வருமா, சமைக்க வருமா, நடந்து காட்டுன்னாங்க. எனக்கு என்ன புடிக்கும்னு கேட்ட மொத ஆளு இவருதான்" என்றாள். காக்காயை ஒரு தரம் விரட்டிவிட்டுத் திரும்பினாள். "எனக்கு இவரைத்தான் கட்டிக்கணும்."

இப்படி வாய்விட்டுச் சொல்லும் பெண்ணை நான் பார்த்ததில்லை. என்ன வேண்டும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லவும் தெரிந்திருக்கிறது.

நான் படத்தைத் திருப்பித் தருமுன் வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தேன். தொழில் புத்தி. அந்தக் கடிகாரச் சங்கிலி பொத்தானுக்கு மேலே போகிறது. ஆனால் துணியில் அதன் நிழல் விழவில்லை. கோட்டுப் பொத்தானுக்கெல்லாம் நிழல் இருக்கிறது, சங்கிலிக்கு இல்லை. கும்பகோணத்துக் கை நல்ல கைதான், ஆனால் அவசரக் கை. நானாக இருந்தால் சங்கிலிக்கு அடியில் ஒரு மயிரிழை சாம்பல் வர்ணம் ஓட்டியிருப்பேன்.

இதை அவளிடம் சொல்லவில்லை.

மே 2, செவ்வாய்

அவருக்கும் எனக்கும் சண்டை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இது மூன்றாவதோ நான்காவதோ.

சீர்காழிக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? நான்தான் வர்ணம் போடுறேன்னா? நாளைக்கே ஊர் பூரா பரவிடும். தர்மலிங்கம் பொண்டாட்டி கையில தொழில் நடத்துறான்னு சிரிப்பாங்க."

"நீங்கதான் எழுதினீங்கன்னு சொல்லட்டுமா? எங்கேருந்து பார்த்து எழுதினீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க? எம் பொண்டாட்டி இடுப்புலேருந்துன்னா?"

பாராட்டு வந்தால் அவருடையது. வம்பு வந்தபோது மட்டும் தன்னுடையதென்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். நேற்று வாத்தியாரிடம், "வர்ணத்துல வீட்டு ஆளுங்க கொஞ்சம் ஒத்தாசை" என்று இழுத்தாராம். நன்றாக இருக்கிறது கதை. இரவு ரசத்தில் உப்பு அதிகம். வேண்டுமென்று போடவில்லை என்று எழுதினால் அது பொய்.

மே 4, வியாழன்

காலைப் பாசஞ்சரில் போய்விட்டு வந்தோம். வந்தோம் என்றுதான் எழுத வேண்டும். நான் புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது அவர் குடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஸ்டேஷனுக்கு நடந்தோம். வண்டியில் வைத்தீஸ்வரன் கோவில் வந்தபோது கோபுரத்தைப் பார்த்து இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பேச்சு அவ்வளவுதான்.

சீர்காழியில் சன்னதித் தெருவில் வீடு. தையல்நாயகி அம்மாள் பருத்த சரீரம், கணீரென்ற குரல். அம்மாளின் வீட்டுக்காரர் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார். அவர் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை செய்து நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாள் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

"வாத்தியார் தூது அனுப்பிச்சாரா?" என்றாள் உட்காரச் சொல்லாமலே.

"இல்லைங்கம்மா. நானா வந்தேன். அந்தப் படத்துக்கு வர்ணம் போட்டது நான்தான். ஒட்டியாணம் அந்தப் பொண்ணு இடுப்புல இல்லை. நான் எழுதினது. வாத்தியார் கேக்கக்கூட இல்லை."

"எழுதினதா!" அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எம் பெட்டியில இருக்கிறதை நீ எங்கேடி பார்த்தே? நான் அதை வெளியில எடுத்துக்கிட்டு மாயவரம் பக்கம் வந்ததே கெடையாது."

"அது உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி என்னோடது."

"யாரு வேணும்னாலும் சொல்லலாம் அப்படி."

நியாயம்தான். நான் எதை வைத்து நிரூபிப்பது? அன்னத்தைச் சொன்னால் படத்திலேயே இருக்கிறது. கல்லைச் சொன்னால் அதுவும் இருக்கிறது. அம்மாள் உள்ளே போய் ஒரு சிவப்புத் துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தாள்.

அதேதான். கொஞ்சம் மங்கியிருந்தது. நான் கை நீட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பார்த்த மாத்திரத்தில் எனக்கு இடுப்பில் இடது பக்கம் சுருக்கென்றது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இடது பக்கம் மூணாவது கண்ணி கிள்ளுமே, அது இன்னும் கிள்ளுதா?"

அம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

"ஐயோ, ஆமாண்டி பொண்ணே! ஒம்பது வருஷமா கிள்ளுது! எந்த விசேஷத்துக்குப் போட்டாலும் மறுநாள் செவந்து கன்னிப் போயிருக்கும். நான் குண்டா இருக்கிறதால கிள்ளுதுன்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்!"

"நான் கொடி மாதிரி இருந்தப்பவே கிள்ளிச்சு."

அம்மாள் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த ஈசிச்சேர் கூட ஒரு தடவை கிறீச்சிட்டது. "உக்காருடி" என்றாள். மோர் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு கிள்ளலை ஒன்பது வருஷமாக அனுபவித்தவளுக்கு, அதைத் தெரிந்த இன்னொருத்தி கிடைத்தால் எப்படி இருக்கும்? இரண்டு பேரும் எந்தப் பக்கம் புடவைக் கொசுவத்தைத் தள்ளி வைத்தால் வலி குறையும் என்று கால் மணி நேரம் பேசினோம்.

ஆனால் அம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

"நீ சொல்றது நம்பிட்டேன். ஆனா வாத்தியார் எழுதினது பொய்தானே? மூணு தலைமுறைன்னு கை கூசாம எழுதியிருக்காரே. இன்னும் என்னென்ன பொய்யோ. காசு மாலை?"

"எழுதினதுதான்."

"தோடு?"

"நிஜம்."

"பொண்ணு?"

"பொண்ணு முழுசும் நிஜம்மா. அந்த முகத்துல நான் தூரிகையே வைக்கலை. வைக்க ஒண்ணும் இல்லை. அவளுக்கு வாசிக்கப் புடிக்கும். உங்க புள்ளை அதைக் கேட்டதை எங்கிட்ட மூணு தடவை சொன்னா."

அம்மாள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதெல்லாம் சரிதான். பொய்யில ஆரம்பிக்கிற சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

நான் சொல்லக்கூடாது என்றுதான் போயிருந்தேன். சொல்லிவிட்டேன்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளை படத்துல கடிகாரச் சங்கிலிக்கு நிழல் இல்லை."

"என்னது?"

"பொத்தானுக்கு நிழல் இருக்கு. சங்கிலிக்கு இல்லை. எங்க தொழில்ல அது தெரிஞ்சுடும். கும்பகோணத்துக்காரர் நல்லாத்தான் எழுதியிருக்காரு, கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு."

மோர் கொண்டுவந்த பெண் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது கூடத்திலிருந்து ஈசிச்சேர்க்காரர் குரல், முதல் தடவையாக:

"நான் அப்பவே சொன்னேன், வேணாம்னு. கோட்டே இரவல், அதுக்கு மேல சங்கிலி வேறயான்னு."

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் அம்மாள். ஆனால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "நான்தான்டி எழுதச் சொன்னேன். ரயில்வே உத்தியோகஸ்தன் இடுப்புல சங்கிலி இல்லாம இருந்தா மதிப்பாங்களா? அந்தக் கும்பகோணத்து மனுஷன்கிட்ட என்னன்னு கேட்டேன் தெரியுமா? கொஞ்சம் லட்சணமா பண்ணிக் குடுங்கன்னுதான் கேட்டேன்."

அதற்கு மேல் என்ன இருக்கிறது? ரெண்டு இடுப்பிலும் தங்கம் இல்லை. ரெண்டு வீட்டிலும் ஒரே வார்த்தைதான். அம்மாளே உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தாள்.

புறப்படும்போது அந்தச் சிவப்புத் துணியை மறுபடி அவிழ்த்தாள். "ஒரு தடவை போட்டுப் பாக்குறியா?" என்று கேட்டாள். பரிகாசமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். ரயிலுக்கு ஒரு மணிக்கு மேல் இருந்தது. எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. பழைய நகை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாயவரம் வரப் போகிற சமயத்தில், "அது கிள்ளுமா?" என்று கேட்டார்.

"மூணு வருஷம் கிள்ளிச்சு."

"நீ சொல்லவே இல்லையே."

அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

மே 5, வெள்ளி

வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு தட்டு லட்டு. அபயம் கொடுத்தனுப்பியது தனியாக ஒரு சீட்டு: 'அக்கா, காக்காய் ஓட்ட எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.'

மே 16, செவ்வாய்

மாங்காய் ஊறுகாய் போட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தது. ஜூன் முதல் தேதி, மாயவரத்திலேயே, பெண் வீட்டில். படம் பிடிக்க எங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 1, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை நேரில் படத்தைவிட நன்றாக இருக்கிறான். கடிகாரமும் இல்லை, சங்கிலியும் இல்லை. மணையில் உட்கார்ந்தபோது அபயத்திடம் குனிந்து என்னவோ கேட்டான். அவள் தலையைக் குனிந்தபடியே நீளமாகப் பதில் சொன்னாள். புரோகிதர் இரண்டு தரம் இருமினார்.

தாலி கட்டி முடிந்ததும் தையல்நாயகி அம்மாள் ஊர் பார்க்க அந்த ஒட்டியாணத்தைக் கொண்டுவந்து மருமகள் இடுப்பில் தன் கையாலேயே பூட்டினாள். "படத்துல போட்டிருந்தியே, இப்ப போட்டுக்க" என்றாள். வாத்தியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிமேல் முட்டி போடுகிற பையன்கள்மேல் கொஞ்சம் இரக்கம் வைப்பார் என்று நம்புகிறேன்.

பந்தலுக்கு வெளியே வெளிச்சத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். "சிரிக்க வேணாம், அசையாம நில்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அபயம் அசைந்தாள். மறுபடி அசைந்தாள். முகம் கோணியது. கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. எனக்கும் தையல்நாயகி அம்மாளுக்கும் புரிந்தது. அம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

நான் போய் அபயத்தின் பக்கத்தில் மண்டியிட்டேன். இடது பக்கம், மூன்றாவது கண்ணி. ஒட்டியாணத்தைத் தொட்டு ஒன்பது வருஷம். வெயிலில் சூடாக இருந்தது. கண்ணிக்கும் உடம்புக்கும் நடுவில் என் கைக்குட்டையை மடித்துச் செருகிப் புடவையை இழுத்துவிட்டேன். "இப்ப?" என்றேன். "இப்ப சரியா இருக்கு அக்கா" என்றாள்.

எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்தபோது அவர் துணியை விலக்கிவிட்டு வெளியே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ, "போட்டோக்காரரே, என்ன?" என்று கேட்டார்கள். தையல்நாயகி அம்மாள் கணீரென்று, "போட்டோக்காரர் இவருதான். வர்ணம் போடுறது அந்தப் பொண்ணு. தெரிஞ்சுக்கிடுங்க" என்றாள். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பந்திக்குள் ஓடிவிடலாம் போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, தன் பேத்தியை அடுத்த வாரம் அழைத்துவரட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் இல்லை, என்னிடம்.

ஜூன் 4, ஞாயிறு

காலையில் கல்யாணப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வேஷ்டிக்கு வெள்ளை, மாலைக்குச் சிவப்பு, பச்சை. கூறைப் புடவைக்கு அரக்கு. எல்லாம் மளமளவென்று ஓடியது. கடைசியாக இடுப்புக்கு வந்தேன். அசல் ஒட்டியாணம் என்பதால் கறுப்பாக விழுந்திருந்தது. கல், இரண்டு அன்னம், திரும்பிய கழுத்து, எல்லாம் கறுப்பு. மஞ்சளைத் தொட்டுக் கொண்டுபோனேன். இல்லாத ஒட்டியாணத்தை எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய கை, இருப்பதன்மேல் ஒரு பொட்டு வைக்க மாட்டேன் என்கிறது.

அவர் பின்னால் வந்து நின்றது தெரியும். திரும்பவில்லை.

"ஏங்க," என்றேன். "எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. குடுத்த அன்னிக்கும் இருந்துச்சு. லென்ஸ் நல்ல லென்ஸ்தான், நான் இல்லைங்கல. ஆனா எனக்கு வருத்தமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

சொல்லி முடித்ததும் பயமாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அவர் மனசு உடைந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

"தெரியும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

"எத்தனை படம் குஞ்சிதம். பண்டாரவடை அம்மாளு, முன்சீப்பு வீட்டுப் பொண்ணு, அந்த நாடகக்காரி, இப்ப வாத்தியார் பொண்ணு. எல்லார் இடுப்புலயும் அதே அன்னம், அதே கழுத்து. நான் குருடா? ஒவ்வொண்ணையும் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பின்னே ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வர்ணக் கிண்ணத்தைக் கையில் எடுத்துச் சும்மா திருப்பிக்கொண்டிருந்தார்.

"சொன்னா எழுதறதை நிறுத்திடுவியோன்னுதான்" என்றார்.

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன், சத்தம் போட்டு. முன்கட்டில் யாரோ வந்து "போட்டோக்காரரே" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போகவில்லை.